கண்ணுக்கென்று போட்ட கவர்

மெக்சிகோவில் தெவாக்கான் ஊரில் ஜீன்ஸ் தைக்கிற பட்டறைக்காரர்களுக்கு மாதத்தில் இரண்டு நாள்தான் முகத்தில் களை இருக்கும். பதினைந்தாம் தேதி ஒன்று, கடைசித் தேதி ஒன்று. அன்றைக்குச் சம்பளம். மறுநாள் கோழி, அதற்கு மறுநாள் முட்டை, அப்புறம் அவரை, அதற்கப்புறம் அவரைச்சாறு. பன்னிரண்டாம் தேதி வாக்கில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்து, "அக்கா, ஒரு நூறு பெசோ இருக்குமா? சம்பளத்தன்னிக்குத் திருப்பித் தந்துடறேன்" என்று இழுப்பார்கள்.

ஒப்துலியா மட்டும் யாரிடமும் இழுத்ததில்லை. பத்தொன்பது வருஷமாக இழுத்ததில்லை. இதை அவளே சொல்வாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

அவளுடைய ரகசியம் ஏழு கவர். வாடகை, காஸ், சாப்பாடு, பஸ், மகள் படிப்பு, நோய்நொடி, ஏழாவதாக அந்தந்த வருஷத்துத் தேவை எதுவோ அது. சம்பளம் வந்த அன்றே கணவன் நெமேசியோ டயர் ஒட்டிச் சம்பாதித்ததையும் பிடுங்கிச் சேர்த்து, மேசையில் பரப்பி, ஏழாகப் பிரித்துப் போட்டுவிடுவாள். ஒரு கவர்ப் பணம் இன்னொரு கவருக்குப் போகக்கூடாது. அது சட்டம். காஸ் தீர்ந்து, காஸ் கவரிலும் பணம் தீர்ந்து, நோய்நொடிக் கவரில் அறுநூறு பெசோ சும்மா கிடந்தபோது, வீடே நான்கு நாள் பச்சைத் தக்காளியும் ரொட்டியும் தின்றது. யாருக்கும் நோய் வராதது ஆண்டவன் செயல்.

பட்டறையில் அவளிடம் கடன் கேட்டுப் போனால் பணம் கிடைக்காது, பாடம் கிடைக்கும். பக்கத்து மெஷின்காரி யாதிராவின் கல்யாணத்துக்கு எல்லாரும் கம்பளி, குக்கர், தட்டு என்று கொடுத்தார்கள். இவள் ஏழு காலிக் கவர் கொடுத்தாள். மேலே பெயரெல்லாம் அழகாக எழுதி, ரிப்பன் கட்டி. அந்தப் பெண் அழுதாளே, சந்தோஷத்தில்தான் என்று ஒப்துலியா இன்றுவரை நம்புகிறாள்.

இப்பேர்ப்பட்டவளுக்குப் போன வருஷம் கண் மங்க ஆரம்பித்தது.

முதலில் ஊசியின் மேல் பழி போட்டாள். "இப்பல்லாம் காதைச் சின்னதாப் போட்டு அனுப்புறானுங்க." பிறகு விளக்கின் மேல். பிறகு நூலின் நிறத்தின் மேல். பாக்கெட்டுக்கு இரட்டைத் தையல் போட்டால் இரண்டு கோடும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு விலகிப் போயின. திரும்பி வந்த உருப்படிகளைக் கையில் எடுத்துக்கொண்டு மேஸ்திரி ருத்திலியோ வந்து நின்றான். நல்ல மனிதன்தான், கெட்ட சேதியைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.

"அக்கா, பிப்ரவரியில புது ஆர்டர் ஆரம்பிக்குது. மூணாந்தேதி கண்ணாடியோட வந்து உக்காருங்க. இல்லாட்டி பிசிறு வெட்டுற மேசைக்குத்தான் மாத்தணும். முதலாளி சொல்லிட்டாரு."

பிசிறு வெட்டுவது என்றால் நாள் முழுக்க நின்றுகொண்டு, தைத்து வந்த துணியில் தொங்கும் நூல்நுனிகளைத் தடவிப் பார்த்துக் கத்தரிப்பது. கையே போதும், கண் தேவையில்லை. சம்பளமும் ஒவ்வொரு தடவையும் இருநூறு பெசோ குறைவு. மெஷினில் உட்கார்ந்தவளை அங்கே அனுப்புவது, அடுப்படிக்காரியைப் பாத்திரம் தேய்க்க அனுப்புகிற மாதிரி.

ஒப்துலியா கண்ணாடிக் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தாள். ஆயிரத்து நானூற்றைம்பது. ஏழாவது கவரில் 'கண்' என்று எழுதினாள். அக்டோபரிலிருந்து சம்பளத்துக்கு இருநூறு. ஜனவரி முதல் தேதி எண்ணிப் பார்த்தபோது ஆயிரத்து இருநூறு இருந்தது. ஜனவரிச் சம்பளங்கள் இரண்டு வந்தால் முடிந்தது. பிப்ரவரி முதல் தேதி கண்ணாடி, மூன்றாம் தேதி மெஷின். "பாக்கி இருநூத்தைம்பதை வேற கவர்லேருந்து எடுத்து இப்பவே வாங்கித் தொலையேன்" என்றான் நெமேசியோ. அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் எழுந்து தன் டயர் கடைக்கே போய்விட்டான்.

மூன்று ராஜாக்கள் திருநாள் அன்று, ஜனவரி ஆறாம் தேதி, பட்டறையில் வளைய ரொட்டி வெட்டினார்கள். முதலாளி வாங்கிக் கொடுத்தது. வருஷத்துக்கு ஒரு முறை அவர் தாராளம் தலைகாட்டும், அதையும் பேரம் பேசித்தான் வாங்குவார். உள்ளே ஒரே ஒரு குழந்தை ஏசு பொம்மை, சுண்டுவிரல் அளவு, வெள்ளை பிளாஸ்டிக். அவரவர் துண்டை அவரவர்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். யார் துண்டில் பொம்மை வருகிறதோ அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுதிரித் திருநாளில், அத்தனை பேருக்கும் தமால் போட வேண்டும். சோளமாவுக்குள் கறி வைத்து, தோகையில் பொதிந்து, ஆவியில் வேகவைத்து, சூடாக. கஞ்சியும் சேர்த்து.

டிசம்பரில் போனஸ் வந்து டிசம்பரிலேயே செத்துப்போன ஜனவரி மாதத்தில் இந்தக் கத்தியைக் கையில் எடுக்கிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆபரேஷன் டாக்டர் தோற்றார். ஒருவன் கண்ணாடிக் காகிதம் போல மெல்லிசாக வெட்டினான். ஒருத்தி கத்தியை வைத்துவிட்டு, "எனக்கு இனிப்பு ஆகாதுப்பா" என்றாள். போன வாரம் கேக்கை வழித்துத் தின்றவள்.

ஒப்துலியா அவசரப்படவில்லை. பாதிப் பேர் வெட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அதற்குள் யாரோ வெட்டிய வெட்டில் பொம்மையின் கால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. ரொட்டியைச் சுற்றி வந்து அந்தப் பக்கமாகவே வெட்டிக்கொண்டு போனார்கள். இந்தப் பக்கம் பழத்துண்டு, சர்க்கரை எல்லாம் படிந்த கொழுத்த பாகம் அப்படியே நின்றது.

வெள்ளை ரொட்டியில் வெள்ளைக் கால். ஒப்துலியாவுக்கு அது ரொட்டி. 'முட்டாப் பசங்க, நல்ல துண்டை விட்டுட்டானுங்களே' என்று நினைத்து, கையகலத்துக்கு வெட்டித் தட்டில் வைத்தாள்.

சிரிப்பில் பட்டறைக் கூரை பறந்தது.

"அக்கா! பொம்மை உங்களைப் பாத்துக் காலை ஆட்டுதுக்கா!"

"எத்தனை வருஷமா தப்பிச்சீங்க!"

"அக்காவுக்கு என்னடி கவலை?" என்றாள் யாதிரா. அந்தக் கல்யாணப் பரிசின் காந்தல் குரலில் இருந்தது. "தமாலுன்னு ஒரு கவர் போட்டு வெச்சிருப்பாங்க. இல்லீங்களாக்கா?"

இங்கேதான் ஒரு மனுஷி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். 'இந்தத் தடவை முடியாதும்மா, எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போடுங்க' என்று சொன்னால் முடிந்தது. கேட்டிருப்பார்கள், கொஞ்சம் கேலி செய்துவிட்டுப் போட்டிருப்பார்கள். ஆனால் பத்தொன்பது வருஷமாக ஊருக்கெல்லாம் கணக்கு சொல்லிக் கொடுத்த வாய், தன்னிடம் ஆயிரம் பெசோ இல்லை என்று எப்படிச் சொல்லும்?

"இல்லாம இருக்குமா?" என்றாள். "ஆளுக்கு ரெண்டு என்னடி, மூணு போடறேன். வயித்தைக் காயப்போட்டுட்டு வாங்க."

இருபத்திரண்டு பேர். அறுபத்தாறு தமால். கைதட்டல் அடங்க ரொம்ப நேரமாயிற்று.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நெமேசியோ நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"மூணா? எவ கேட்டா உன்னை?"

"யாரும் கேக்கல."

"அப்புறம்?"

"வந்திருச்சுய்யா வாயில. விடு."

"நாளைக்குப் போயி, காசு இல்லன்னு சொல்லிடு."

"செத்தாலும் சொல்லமாட்டேன். அந்த யாதிரா சிரிப்பா."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறா. சிரிக்கறதுக்குக் காசா கேக்கறா?"

பதினைந்தாம் தேதி சம்பளம் வந்தது. வாடகையிலிருந்து எடுக்க முடியாது, வீட்டுக்காரி வாசலில் நிற்பாள். மகள் படிப்பில் கைவைக்க முடியாது, பீஸ் கட்டாவிட்டால் பரீட்சை இல்லை. சாப்பாட்டில் ஏற்கெனவே ஒன்றுமில்லை. எந்தக் கவரைத் தூக்கினாலும் அதற்குப் பின்னால் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். ஒரே ஒரு கவருக்குப் பின்னால் மட்டும் யாரும் இல்லை, அவளைத் தவிர.

சட்டம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். சட்டம் போட்டவளுக்குத் தெரியாதா எங்கே ஓட்டை போடுவதென்று? அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தாள்: எடுக்கவில்லையாம், கைமாற்று வாங்குகிறாளாம். தன்னிடமிருந்தே.

செலவில் சிக்கனம் பார்த்திருக்கலாம். அவரையை மசித்து உள்ளே வைத்திருந்தால் பாதிக் காசில் முடிந்திருக்கும். "அவரை வெச்சா அல்பம்னு சொல்லுவாங்க" என்று பச்சை மிளகாய்க் கோழி, சிவப்பு மிளகாய்ப் பன்றி, பிள்ளைகளுக்கென்று திராட்சை போட்ட இனிப்பு. பட்டறையில் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மாவு, கொழுப்பு, தோகை, கறி, சாக்லேட் கஞ்சிக்கு இலவங்கப்பட்டை எல்லாம் சேர்த்து ஆயிரத்து முந்நூற்று எண்பது. 'கண்' கவரில் கடைசிச் சம்பளத்துக்கு அப்புறம் ஆயிரத்து அறுநூறு இருந்திருக்க வேண்டும். இருநூற்றிருபது இருந்தது.

மெழுகுதிரித் திருநாளன்று மத்தியானம் பட்டறையில் மூடியைத் திறந்ததும் ஆவி எழும்பியது பாருங்கள், பக்கத்துப் பட்டறைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவள் கைப்பக்குவத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். மாவு பஞ்சு, காரம் மூக்கில் ஏறியது. அத்தனை பேரும் விரலைச் சப்பினார்கள். மேஸ்திரி ருத்திலியோ தன் மூன்றைத் தின்றுவிட்டு, லீவில் போனவனின் மூன்றையும் தின்றான்.

"அக்கா, ஜனவரி முடிஞ்சு எங்களுக்கெல்லாம் முதுகெலும்பு தெரியுது. நீங்க கல்யாண விருந்து போடறீங்க. கணக்குன்னா உங்க கணக்குதான்."

"எல்லாம் திட்டம் போட்டு செலவு பண்றதுதான் தம்பி" என்றாள் ஒப்துலியா. பத்து நிமிஷம் பேசினாள். யாதிராகூடத் தலையாட்டிக் கேட்டாள். ஒப்துலியாவின் வாழ்க்கையிலேயே சந்தோஷமான பத்து நிமிஷங்களில் அது ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சனிக்கிழமை, மூன்றாம் தேதி. ருத்திலியோ வந்தான். சிரித்தான்.

"அக்கா, கண்ணாடி?"

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் தம்பி. வாங்கிடறேன்."

"புது ஆர்டர் இன்னிக்கு ஆரம்பிக்குதுக்கா. நான் என்ன பண்ணட்டும்?" அவனுக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. "காசு ஏதாவது தட்டுப்பாடா? சேச்சே, உங்களுக்காவது தட்டுப்பாடாவது! கடைக்குப் போக நேரமில்லபோல."

'என் கண்ணாடி உன் வயித்துலதான்டா இருக்கு' என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். "ஆமாமா, நேரமில்லை" என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டு பிசிறு மேசைக்குப் போனாள். மெஷினில் யாதிராவின் தங்கை வந்து உட்கார்ந்தாள். எட்டு மணிக்கெல்லாம் தயாராக வாசலில் நின்றிருந்தவள்.

சாயங்காலம் வீட்டில் நெமேசியோ கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான். அவன் சும்மா இருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"திட்டணும்னா திட்டுய்யா."

"திட்டி என்ன பண்ண?" அவன் காஸ் கவரை எடுத்து அவள் முன்னால் வைத்தான். நோய்நொடிக் கவரையும் எடுத்து வைத்தான். "திங்கட்கிழமை காலையில போயி கண்ணாடி வாங்கு. மேஸ்திரி கால்ல விழுந்தாவது மெஷினைக் கேளு."

"அது காஸுக்கு. இது நோய்நொடிக்கு. தொடக்கூடாது."

"ஏ புள்ள, ஊரான் இருபத்திரண்டு பேர் வயித்துக்கு ஒரு கவரைத் தொறந்தியே. உன் கண்ணுக்கு ஒண்ணைத் தொறக்கக் கூடாதா?"

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அவமானம், ஆத்திரம், அத்தனையும் அவள்மேலேயே. "எனக்குன்னா கை போகமாட்டேங்குதுய்யா" என்றாள் அழுகைக்கு நடுவே. "மத்தவங்க முன்னாடின்னா போகுது. எனக்குன்னா போகமாட்டேங்குது." நெமேசியோ அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணக்கு நோட்டை எடுத்தாள். இனிமேல் சம்பளத்தில் இருநூறு குறையும். எந்தக் கவரிலிருந்து குறைப்பது? வாடகை குறையாது. படிப்பு குறையாது. கண்ணாடிக்கென்று சம்பளத்துக்குச் சம்பளம் போட்டுவந்ததும் இருநூறு. பிசிறு வெட்டுவதற்குக் கண்ணாடி வேண்டாம். கண் கவரில் இருந்ததைச் சாப்பாட்டில் சேர்த்துவிட்டு, கவரை இரண்டாக மடித்துக் குப்பையில் போட்டாள்.

"சரியாப் போச்சு" என்றாள்.

பிப்ரவரி பதினைந்தாம் தேதி, புதுச் சம்பளம் வருவதற்கு முன்னால் பழையதில் பதினோரு பெசோ மிச்சம் இருந்தது. நோட்டில் எழுத உட்கார்ந்தாள். விளக்கருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், தான் எழுதிய எண்களே கூடிக்கூடிக் கலைந்தன. நோட்டை நெமேசியோவின் பக்கம் நகர்த்தினாள். அவன் ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் கூட்டினாள். ஒரு பெசோ பிசகவில்லை.