நான்காம் லெவலில் நான் செத்த கதை

போன வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு நான் செத்துப்போனேன்.

மாலை வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். செத்தது எட்டு மாதமாக நான் வளர்த்த ஒரு திருடன். பூட்டுத் திறப்பான், சுவர் ஏறுவான், லெவல் நான்கு. ஆனால் அவன் விழுந்தபோது அடிபட்டது எனக்குத்தான்.

விஷயம் இதுதான். எங்கள் ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த டெக்னிக்கல் மேனேஜர் சந்திரமோகன், இங்கிலாந்தில் இரண்டு வருஷம் தோல் பதனிடப் படித்தவர். திரும்பும்போது டிகிரியோடு ஒரு அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தார். உள்ளே இருபது முகம் வைத்த பகடை, தலையணை கனத்தில் ஒரு விதிப் புத்தகம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் கட்டி, ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் பூதத்தை வெட்டுகிறேன்’ என்று வாயால் சொல்ல வேண்டும். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பிள்ளைகுட்டி பெற்றவர்கள் செய்கிற வேலையா இது?

செய்தோமே! வெள்ளிக்கிழமை எங்களுக்கு வார லீவு. தொழுகை முடிந்து தஸ்தகீர் வந்ததும் மேனேஜரின் குவார்ட்டர்ஸில் ஆட்டம் தொடங்கும். தஸ்தகீர் ஃபினிஷிங் சூபர்வைசர், பதினோரு வருஷமாக என் நண்பன். இன்னொருவன் ஸ்டோர்ஸ் வேலு. குடியாத்தத்துக்காரன், வீட்டில் லுங்கித் தறி ஓடுகிறது. நான் டெஸ்பாட்ச் செக்‌ஷன். எங்கள் மூவருக்கும் பூதத்தின் மேல் அப்படி என்ன கோபம்? ஒரு கோபமும் இல்லை. அசிஸ்டென்ட் மேனேஜர் நாற்காலி காலியாக இருந்தது... அவ்வளவுதான்.

ஆட்டத்தைப் பார்த்து போஸ்ட் தருவேன் என்று மேனேஜர் ஒரு நாளும் சொன்னதில்லை. நாங்களாகவே அப்படி முடிவு கட்டிக்கொண்டோம்.

பூதத்தை வெட்டினால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் லெவல். இந்த எளிய விதி வேலுவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

“நான் மொத வாரமே சேந்துட்டேன் சார். பாய் மூணாவது வாரம்தான் வந்தாரு. அவருக்கு லெவல் மூணு, எனக்கு ரெண்டா? சீனியாரிட்டின்னு ஒண்ணு இல்லியா?”

“நீங்க எதையாவது கொல்லணும் வேலு,” என்றார் மேனேஜர்.

“அதெல்லாம் ரிஸ்க் ஜாஸ்தி சார். வருஷத்துக்கு ஒரு லெவல் தானா ஏறுற மாதிரி பண்ணிடுங்களேன்!”

கதை சொல்பவர் மேனேஜர்தான். கதைக்குள் எங்கள் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தளபதியும் அவரேதான். ரிஜெக்ட் ஆன தோலின் பின்பக்கம்தான் எங்கள் மேப். அதன் மேல் எங்களுக்குக் காயாக ஆளுக்கொரு ஷூ ஐலெட், லேஸ் நுழைக்கிற வளையம். தளபதிக்கு மட்டும் பித்தளைப் பக்கிள்!

இரண்டு மாதம் முன்பு அவராக ஒரு விதி சேர்த்தார். கூட்டத்தில் ஒருவரோடு உங்களுக்கு என்ன பந்தம் என்று தாளில் எழுத வேண்டும். ஒரே ஒருவரோடுதான். அந்த ஆளுக்கு ஆபத்து வந்தால் நீங்கள் கை கொடுக்கலாம், அவர் பகடையை இன்னொரு முறை உருட்டலாம். பந்தத்தை எப்போது வேண்டுமானாலும் ரப்பரால் அழித்து வேறு ஆளுக்கு மாற்றலாம்.

மூன்று பேரும் கையால் மறைத்து மறைத்து இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தோம். நான் தளபதியின் பால்ய நண்பன். தஸ்தகீர் ஒரு போரில் தளபதியின் உயிரைக் காத்தவன். வேலு? தளபதியின் தங்கையைக் கட்டிய மச்சான்!

மேனேஜர் மூன்று தாளையும் படித்துவிட்டு எங்களை ஒரு மாதிரி பார்த்தார். தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பதிலைப் போன வெள்ளிக்கிழமைதான் சொன்னார்.

“தளபதி குகை வாசல்ல காவல் நிக்கறார். நீங்க மூணு பேர் மட்டும் உள்ளே போங்க.”

போனோம். பாலம் முறிந்தது. என் திருடன் ஒற்றைக் கையால் தொங்கினான். பகடையில் பன்னிரண்டுக்கு மேல் விழ வேண்டும். உருட்டினேன். நாலு.

“இவரோட யாருக்குப் பந்தம்? கை கொடுத்தா இன்னொரு தடவை உருட்டலாம்.”

யாருக்கும் இல்லை. மேனேஜர் ரப்பரை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். இரண்டு பேரில் ஒருவர் தளபதி பெயரை, மேனேஜர் கண் முன்னாலேயே, அழித்துவிட்டு என் பெயரை எழுத வேண்டும்.

“உங்க தங்கச்சிய எப்படி சார் வுட்டுட்டு வர்றது?” என்றான் வேலு. வெட்கமே இல்லை.

நான் தஸ்தகீரைப் பார்த்தேன். அவன் மனைவிக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் பிரசவம் சிக்கலானபோது ரத்தம் கொடுத்தவன் நான். நோன்புப் பெருநாள் பிரியாணி அவன் வீட்டிலிருந்து முதலில் வருவது என் வீட்டுக்கு. அவன் ரப்பரைத் தொட்டான். மேனேஜரைப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான்.

அதோடு முடிந்தது. மேனேஜர் ஒரு புதுத் தாளை நீட்டி, லெவல் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். காலி நாற்காலியை நினைத்தபடி, அங்கேயே பேனாவை எடுத்துப் பந்தம் என்ற இடத்தில் எழுதினேன்: தளபதியின் தம்பி.

திரும்பும்போது தஸ்தகீரும் நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டில் நின்றபோது கேட்டான்:

“நான் தொங்கிட்டு இருந்தா நீ அழிச்சிருப்பியாப்பா?”

கூட்ஸ் வண்டி வந்தது. நல்லவேளை, நீளமான வண்டி.

மறுநாள் காலை நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியிருந்தார்கள். அசிஸ்டென்ட் மேனேஜர் போஸ்டுக்கு வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு பையன் வருகிறான். முதலாளியின் மச்சான். மேனேஜருக்கே போர்டைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். வேலு ரொம்ப நேரம் அங்கேயே நின்றான். பாவம், உறவைச் சரியாகத்தான் பிடித்தான், ஆளைத்தான் கோட்டைவிட்டுவிட்டான்.

எட்டு மாதமாக எந்த மனிதரின் காலைச் சுற்றினோமோ, அவரிடம் கொடுப்பதற்கு நாற்காலியே இல்லை. அவர் உண்மையிலேயே விளையாடத்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்! எங்களுக்குத்தான் அது கடைசிவரை உறைக்கவில்லை.

மத்தியானம் தஸ்தகீர் என் மேஜைக்கு வந்தான். மடித்த தாளை விரித்துக் காட்டினான். தளபதி பெயர் அழிந்திருந்தது. அந்த இடத்தில் என் பெயர்.

“உன் புது ஆளுக்கு எழுதினேன். நேத்தே செஞ்சிருக்கணும். ராத்திரியெல்லாம் பேஜாரா பூட்சுப்பா.”

நாற்காலி போன பிறகு வந்த ஞானமா என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இருந்ததா? தம்பி உறவு கொண்டாடிய என் தாள் மேஜை டிராயரில் இருந்தது. உன்னுடையதைக் காட்டு என்று அவன் கேட்கவுமில்லை. நானும் அவன் பெயரைத்தான் எழுதியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டான் போல... டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த டீயைக் குடிக்க எனக்குக் கூசியது.

மேனேஜருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்த தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். ஆனால் வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை எங்கள் தொழிற்சாலையில் முதலில் வாங்கிப் படிக்கிற ஒருவன் இருக்கிறான்.

தஸ்தகீர், நேற்று என் தாளிலும் அழித்துவிட்டேன். பேனாவில் எழுதியது, அந்த இடம் கொஞ்சம் கிழிந்துவிட்டது.