பாலில் போட்ட நீலம்

போன வாரம் பேத்தியின் நிச்சயதார்த்த மோதிரத்துக்காகத் தி. நகரில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். நீலக்கல் பதித்த மோதிரம் ஒன்றை எடுத்தாள், விரலில் போட்டாள், செல்போனில் படம் பிடித்தாள், "இதுவே இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீலத்தை அப்படியா வாங்குவார்கள்? நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் காலத்தில் நீலம் என்றால் பயபக்தி. ஒத்துக்கொண்டால் அள்ளிக் கொடுக்கும், ஒத்துக்கொள்ளாவிட்டால் குடியைக் கெடுக்கும் என்று அதற்குப் பெயர். அதனால் கல்லைக் கடையிலிருந்து கொண்டுவந்து மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்க வேண்டும். நல்ல கனவு வந்தால் மோதிரம். கெட்ட கனவு வந்தாலோ, யாராவது கால் இடறி விழுந்தாலோ, கல் கடைக்குத் திரும்பிவிடும். கடைக்காரரும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார்.

எழுபதுகளின் ஆரம்பம். மயிலாப்பூரில் வாடகை வீடு, தேனாம்பேட்டையில் எனக்கு ஸ்டெனோ வேலை. என் ஜாதகத்தில் கல்யாண ஸ்தானத்தில் சனி பகவான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், நீலம் போட்டால்தான் எழுந்திருப்பார் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அப்பா உடனே பாண்டி பஜாரில் கல் வியாபாரம் செய்த திருநெல்வேலி அண்ணாச்சியிடம் போய், ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, கல் அழகு. சங்குபுஷ்ப நிறம். வெயிலில் பிடித்தால் உள்ளே பட்டு இழை மாதிரி மெல்லிசாக ஓடும். கண்ணாடிக்கு அது வராது, அசலுக்குத்தான் வரும் என்பார் அப்பா. இலங்கையில் ஆற்று மணலை அரித்து எடுத்த கல்லாம். காஷ்மீர்க் கல் இதைவிட உசத்தி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவர் காஷ்மீர்க் கல்லையும் பார்த்ததில்லை, காஷ்மீரையும் பார்த்ததில்லை.

முதல் ராத்திரி முடிந்து கண் விழித்தால், அப்பா, அம்மா, தம்பி மூவரும் என் தலைமாட்டில் நிற்கிறார்கள். என்ன கனவு? பஸ் வந்தது என்றேன். உட்கார இடம் கிடைத்ததா என்று அப்பா கவலையோடு கேட்டார். கிடைத்தது என்றதும் நிம்மதியாகக் குளிக்கப் போனார். சோதனை முடிகிறவரை வீட்டில் ரத்தம் பார்க்கக் கூடாது என்று அவர் சவரம் செய்துகொள்ளவில்லை. அம்மா அரிவாள்மனையைத் தொடவில்லை. காய் நறுக்காமல் என்ன சமையல்? மோர்சாதம்தான்.

இந்த லட்சணத்தில் நங்கநல்லூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பிள்ளைக்குப் பாங்கில் வேலை. அம்மா காபியை நீட்டினாள். "எனக்குக் காபி பழக்கமில்லை" என்றார் அவர். மயிலாப்பூரில், அதுவும் என் அம்மாவின் முகத்துக்கு நேரே! அந்த தைரியம் எனக்குப் பிடித்தது. ஆளையும் பிடித்துப்போயிற்று. கட்டிக்கொண்டால் இவரைத்தான் என்று அடுக்களை வாசலில் நின்றபடியே முடிவு செய்துவிட்டேன்.

கூடத்தில் அப்பா காஷ்மீரை ஆரம்பித்திருந்தார். அசல் இந்திரநீலத்தைப் பாலில் போட்டால் பாலே நீலமாகிவிடும் என்று சொல்லி, ஒரு டம்ளர் பாலில் கல்லைப் போட்டு ஜன்னலோரம் வைத்தார். அவரும் பிள்ளையின் அப்பாவும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். பால் பாலாகவே இருந்தது. கொஞ்சம் ஊற வேண்டும் என்று சமாளித்துவிட்டு, அவரை அழைத்துக்கொண்டு பஞ்சாங்கம் பார்க்க வாசல் பக்கம் போனார். அம்மாவோடு உள்ளே பேசிக்கொண்டிருந்த பிள்ளையின் அம்மா அப்போதுதான் கூடத்துக்கு வந்தாள். பிள்ளை வெறும் வாயோடு இருப்பதைப் பார்த்து, "பாலையாவது குடிடா" என்று அந்த டம்ளரைக் கையில் கொடுத்தாள். அவர் அதுவரை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாலில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

எங்கள் ஆட்கள் எச்சில் பண்ணிக் குடிக்க மாட்டார்கள். அண்ணாந்து, டம்ளரை உயரத் தூக்கி, உதட்டில் படாமல் ஊற்றிக்கொள்வார்கள். சீப்பிக் குடித்திருந்தால் கல் பல்லிலாவது தட்டியிருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் நேராக உள்ளே போய்விட்டது.

அப்பா வந்து டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். கல் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாமல் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, அது தெரிந்த பிறகுதான் கல்யாணப் பேச்சு என்று பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டாள். எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நான் கொல்லைப்புறம் போய் அழுதேன். பொல்லாத கல், போயும் போயும் அந்த மனிதருக்குள்ளா போக வேண்டும்?

அப்பா தினமும் நங்கநல்லூருக்குப் போனார். கேட்க வேண்டியதைக் கேட்கக் கூச்சம். "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று மட்டும் விசாரிப்பார். கடைசியில் விசேஷம் வந்தது. கல்லை மஞ்சள் தண்ணீரில் அலம்பி எடுத்துக்கொண்டு இரண்டு குடும்பமும் அண்ணாச்சி கடைக்குப் போனோம்.

கல் வாங்கினது எனக்கு. அது தங்கியிருந்ததோ அவருக்குள். சோதனை யாருக்கு நடந்ததாகக் கணக்கு? அண்ணாச்சி கல்லைத் தொடாமல் தள்ளி நின்றே பார்த்தார்.

"தலவாணிக்கு அடியில வச்சவுகளத்தான் இதுவரைக்கும் கேட்டிருக்கேன். சரி, ஒங்களுக்குக் கெட்ட சொப்பனம் எதுவும் வந்துச்சா தம்பி?"

அவர் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இல்லை. தினமும் இவதான் வந்தா."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. அவர் அம்மா விடவில்லை.

"அது நல்ல சொப்பனமா, கெட்ட சொப்பனமான்னு எப்படிடா தெரியும்?"

"எனக்கு முழிச்சுக்கவே இஷ்டமில்லைம்மா" என்றார்.

ஆவணியில் கல்யாணம். அந்தக் கல்லை அண்ணாச்சி திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, எங்களுக்கும் போட்டுக்கொள்ள மனசு வரவில்லை. பூஜை அலமாரியில் கிடந்து, எந்த வீடு மாற்றும்போதோ காணாமல் போயிற்று.

அந்தக் கனவு நிஜமா, இல்லை அம்மாவைச் சமாளிக்கக் கட்டிவிட்ட கதையா என்று காலமெல்லாம் கேட்டிருக்கிறேன். சிரிப்பாரே தவிர, பிடி கொடுத்ததில்லை. அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். கல்லை நம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறவரும் இல்லை, காலையில் கனவு கேட்கிறவரும் இல்லை. இவரும் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தினமும் எதிர்பார்த்துக்கொண்டுதான் படுக்கிறேன். மனிதர் என் கனவில் இன்னும் ஒரு தடவைகூட வரவில்லை.