அம்புறோஸின் வாளிகள்

மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸில் உள்ள அந்த மூன்று மாடிக் கட்டடத்தில், அம்புறோஸின் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. கைப்பிடியில் வாளியை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தயிர் வந்த வாளி, ஐஸ்கிரீம் வந்த வாளி, எதுவானாலும் மூடியோடு. உள்ளே வெங்காயத் தோல், முட்டைக் கோது, தேயிலைச் சக்கை. காலையில் கதவைத் திறந்தால் இரண்டு மூன்று வாளிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தொங்கும். மனைவி கிறேஸுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "கட்டடத்துக் குப்பை முழுக்க எங்கட வாசலிலதான்" என்பாள். அவரோ நத்தார்ப் பரிசு வந்ததுபோல ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார்.

மனுசனுக்குக் குப்பை என்ற சொல்லே ஆகாது. அப்படிச் சொல்லித் தப்பியவர் இல்லை. "நீங்கள் எறியிற எதிலயும் ஒரு வாய்ச் சோறு இருக்கு" என்று தொடங்கினால், கேட்பவர் மின்தூக்கிக்குள் போய்க் கதவு மூடும்வரை விடமாட்டார்.

புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போனபின், அவர் வீட்டோடு முடங்கிக் கிடந்தவர். ஜன்னலோரம் கதிரையைப் போட்டு, கட்டடத்துக்குப் பின்னால் கிடந்த வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பழைய மெத்தையும் உடைந்த குளிர்சாதனப் பெட்டியும் கிடந்த இடம் அது. ஒருநாள் எழுந்து போய்க் கட்டடச் சொந்தக்காரனிடம் கேட்டார். அவன் தோளைக் குலுக்கினான். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அம்புறோஸ் இறங்கிவிட்டார். மூலையிலிருந்த தெப்பனேர் என்ற சின்னப் பலசரக்குக் கடையின் அழுகல் தக்காளி, கோப்பிக் கடையின் சக்கை, இலையுதிர் காலத்தில் வீட்டுக்காரர்கள் கடதாசிப் பையில் கட்டித் தெருவோரம் வைக்கும் சருகு, எல்லாம் அவருடைய பழைய வண்டிலில் ஏறி வந்தன. மக்கி மக்கி, செங்கல் தூளும் கண்ணாடித் துண்டுமாய்க் கிடந்த நிலம் கறுத்தது. கத்தரி, வெண்டி, பயற்றை, கீரை. வாளி மாட்டுகிற வீடுகளுக்கெல்லாம் பங்கு போனது.

அந்தப் பங்கு மற்றவர்களைவிட சஜிதாவுக்குத்தான் பெரிய உதவி. இரண்டாம் மாடியில் இருந்தவள். புருசனுக்கு வேலை வருவதும் போவதுமாய் இருந்தது. கடையில் கீரைக் கட்டைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டு வருகிறவள். அவளுக்கு நீல மூடி போட்ட வாளியொன்றை அம்புறோஸே கொடுத்திருந்தார். அவளுடைய மகள் றொஷினி சோறு தின்னத் தொடங்கியபோது முதலில் தின்றது அம்புறோஸின் கீரையைக் கடைந்து பிசைந்த சோறு. பிள்ளை வாயைத் திறந்து திறந்து கேட்டதை சஜிதா தொலைபேசியில் படம் பிடித்து வந்து காட்டினாள். அன்று முழுக்க மனுசனுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அந்தக் கோடையில்தான் பயற்றையிலும் கீரையிலும் கறுப்புப் பூச்சி மொய்த்தது. பூச்சிக்கு மருந்து சாம்பல் என்பது அவர் பிறந்த மன்னாரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பனி ஈரம் காயமுதல் விடியவே துணியில் கட்டி உதறினால், சாம்பல் இலையில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மொன்றியலில் எந்த வீட்டில் விறகடுப்பு இருக்கிறது? எல்லாம் கறண்ட் அடுப்பு. அம்புறோஸ் தெருத் தெருவாகச் சாம்பல் தேடினார். கடைசியில் ஹென்றி கிடைத்தார். பழைய பல்கனிகளை உடைத்துப் புதிதாக அடித்துக் கொடுக்கிறவர். வேலைக் கொட்டிலில் ஒரு இரும்படுப்பு வைத்து, உடைத்த பலகையை எரித்துக் குளிர் காய்வார். குளிர்காலத்துச் சாம்பல் பீப்பா நிறையக் கிடந்தது. "எடு, அம்புறுவாஸ், எல்லாத்தையும் எடு" என்று பிரெஞ்சில் சிரித்தார். அவருக்கும் அது தொல்லை தீர்ந்த மாதிரி.

சாம்பலுக்குள் ஆணிகள் இருந்தன. அம்புறோஸ் காந்தம் பிடித்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினார். கொட்டில் சுவரோடு சாத்தியிருந்த பலகைகளில் ஒரு பச்சை நிறம் ஓடியிருந்ததையும் கண்டார். பாசி என்று நினைத்தார். அவருக்குத் தெரிந்த சாம்பல் தென்னம் மட்டையும் பனைமட்டையும் எரித்த சாம்பல். மரம் எரிந்தால் சாம்பல், சாம்பல் என்றால் சுத்தம். அதற்கு மேல் யோசிக்க அவருக்கு என்ன இருந்தது?

பூச்சி போய்விட்டது. மறு கோடையும் தூவினார். மிஞ்சியதை உரக் குவியலில் கலந்தார்.

அந்தப் பகுதியில் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் சங்கம் ஒன்று, இவருடைய தோட்டத்தையும் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. வேலி போட்டுத் தருவோம், தண்ணீர்க் குழாய் இழுத்துத் தருவோம், அதற்கு முதல் மண்ணைச் சோதிக்க வேண்டும் என்றார்கள். அம்புறோஸுக்குப் புளுகம் தாங்கவில்லை. "சோதிக்கட்டும். என்ர மண்ணைப் போல மண் இந்த மொன்றியல் தீவில இல்லை எண்டு அவையும் அறியட்டும்." கீரைப் பாத்தியிலிருந்து தானே கறுத்த மண்ணாய்ப் பார்த்து அள்ளிக் கொடுத்தார்.

முடிவு சொல்லச் சங்கத்துப் பெண் நேரில் வந்தாள். அவள் பேசிய வேகத்துக்கு அம்புறோஸின் பிரெஞ்சு ஈடுகொடுக்கவில்லை. சஜிதா தோட்டத்தில்தான் நின்றாள், இடுப்பில் பிள்ளையோடு. இங்கே பள்ளிக்கூடம் போனவள். "நான் சொல்லுறன், அங்கிள்" என்று பக்கத்தில் வந்தாள்.

"மண்ணில ஆர்செனிக் இருக்காம். நஞ்சு. கனக்க இருக்காம்." அவள் அந்தப் பெண்ணின் வாயையே பார்த்தபடி சொன்னாள். "முந்தி பல்கனிப் பலகை உக்காமல் இருக்க அந்த மருந்தில ஊறவைக்கிறவையாம். பச்சையா இருக்குமாம். அதை எரிச்சால் நஞ்சு சாம்பலுக்குள்ளயே நிக்குமாம்."

சங்கத்துப் பெண் இன்னொன்று கேட்டாள். பிள்ளை அவளுடைய சங்கிலியைப் பிடித்து இழுத்தது.

"அப்பிடிச் சாம்பல் ஏதும் போட்டதோ எண்டு கேக்கினம், அங்கிள்."

"போட்டன்."

அதை அவள் பிரெஞ்சில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அம்புறோஸைப் பாராமல் கட்டடத்துக்குள் போனாள். அவள் நின்ற இடத்தில் பறித்து வைத்த கீரை அப்படியே கிடந்தது.

றொஷினியைச் சோதித்தார்கள். உடம்பில் இருக்கிறது, இனித் தின்னாவிட்டால் மெல்ல மெல்லக் கழியும் என்று வைத்தியர் சொன்னாராம். இதுவரை போனது பிள்ளையை என்ன செய்திருக்கும் என்று கேட்டதற்கு, வளரட்டும், பார்ப்போம் என்றாராம். இதெல்லாம் கிறேஸ் படிக்கட்டில் மற்றவர்கள் கதைத்ததைக் கேட்டு வந்து சொன்னது. சஜிதா ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்தியிருந்தால், அவளுடைய காலில் விழுந்தாவது இவர் அழுதிருப்பார். அம்புறோஸ் இரண்டு தரம் அவளுடைய கதவுவரை போனார். உள்ளே பிள்ளை சிரிக்கும் சத்தம் கேட்டதும் தட்டாமல் திரும்பி வந்தார். ஹென்றியிடம் போனார். ஹென்றி "எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவரோடு சண்டை பிடிக்கவும் அம்புறோஸுக்கு வாய் வரவில்லை. தானும் அதைத்தானே சொல்கிறார், ஒவ்வொரு நாளும், தனக்குள்.

இலை பழுக்கும் காலத்தில் மண் அள்ளும் இயந்திரம் வந்தது. முகமூடியும் கையுறையும் போட்ட ஆட்கள், காய்த்துத் தொங்கிய பயற்றையைக் கொடியோடு பிடுங்கித் தடித்த பைகளில் கட்டினார்கள். பிறகு மண்ணை வழித்து அள்ளினார்கள். லொறியை இறுக்கி மூடினார்கள். இதை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று அம்புறோஸ் கேட்டார். நஞ்சுக் கழிவு கொட்டும் இடத்துக்கு என்றான் ஒருவன். ஊரார் எறிந்ததையெல்லாம் மண்ணாக்கிய மனுசன், தன்னுடைய மண் குப்பையாய்ப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளும் முறைத்துக்கொண்டு திரிந்த கிறேஸ்தான் வந்து கையைப் பிடித்தாள். "இஞ்சாருங்கோ, காணும். உள்ளுக்கு வாங்கோ."

அவர் மறுபடி ஜன்னலோரக் கதிரைக்குப் போனார். கதவுக் கைப்பிடி வெறுமையாகவே இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு காலையும் கதவைத் திறந்து பார்ப்பார். எதற்கு என்று கிறேஸ் கேட்பதில்லை.

முதல் பனி கொட்டிய காலை, கைப்பிடியில் ஏதோ தட்டுப்படும் சத்தம் கேட்டது. முதுகு வலியையும் பாராமல் அம்புறோஸ் எழுந்து ஓடினார். நீல மூடி வாளி தொங்கியது. படிக்கட்டில் யாரோ ஏறிப் போகும் சத்தம். கடவுளே, அவள் திரும்ப மாட்டிவிட்டாள் என்று நினைத்தார். இரண்டு கையாலும் கழற்றினார். பாரமே இல்லை.

மூடியைத் திறந்தார். வாளி கழுவித் துடைத்திருந்தது. சவர்க்கார வாசம் வந்தது.

"ஆரது, சஜிதாவே?" என்று உள்ளேயிருந்து கிறேஸ் கேட்டாள்.

"ஓம்."

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை" என்றார் அம்புறோஸ். "வாளியைத் தந்திட்டுப் போறாள்."