அண்ணன் குரலுக்கு ஒரு மைக்

எங்கள் பாட்டுக் குழுவில் ஐந்து பேர். எல்லாருக்கும் ஓசூரில் ஒரே கம்பெனியில் வேலை. கல்யாண ரிசப்ஷன், கோயில் பண்டிகை என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய்ப் பாடுவோம். ஆண் குரலுக்கு இரண்டு பேர்: நானும், என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் அண்ணனும். கூடப் பிறந்தவர் இல்லை, கல்லாவி ஊர்க்காரர். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் பக்கத்து மெஷினில் நிற்பவர். அவருக்குக் கனமான அடிக்குரல். அவர் பாட ஆரம்பித்தால் பந்தியில் இருப்பவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். என் குரல் சுருதி விலகாது, ஆனால் மெலிசு.

எங்கள் பழைய மைக் பாட்டுக்கு நடுவே செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. புதிது வாங்கலாம் என்று பேச்சு வந்ததும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மாத்திரை அட்டையிலிருந்து கரண்ட் பில் வரை என்னிடம் நீட்டித்தான் அம்மாவுக்குப் பழக்கம். குழுவிலும் அதே கதை. இங்கிலீஷில் எது இருந்தாலும் என் கைக்கு வந்துவிடும். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

நிஜமாகவே உழைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து வீடியோவாகப் பார்த்தேன். ஸ்டுடியோவுக்கான மைக் மேடைக்கு ஆகாது, டிரம்ஸ் சத்தத்தையும் சேர்த்து இழுத்துவிடும் என்று தெரிந்துகொண்டேன். டைனமிக் மைக்தான் வேண்டும், அதிலும் முன்னால் வருவதை மட்டும் பிடிப்பதாக இருக்க வேண்டும். எங்கள் கைக்கு அடக்கமான விலையில் கடைசியாக இரண்டு நின்றன. இரண்டையும் பாடிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று பெங்களூர் கடைக்குக் கிளம்பினேன்.

அன்றைக்குப் பார்த்து ஓவர்டைம் பட்டியலில் என் பேர். அண்ணனும் கூட வருவதாகத்தான் இருந்தது. "நீ போடா. உன் எடத்துல நான் நிக்கிறேன். மைக்கப் பத்தி எனக்கு என்னா தெரியும்?" என்றார். நான் கிளம்பும்போது ஒரு யோசனையும் சொன்னார். "என் குரல போன்ல பதிஞ்சு அனுப்பறேன். கடைல அத மைக்குக்கு முன்னால போட்டுக் காட்டு. நானே வந்த மாதிரிதான?"

எனக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

கடையில் முதலில் நான் பாடினேன். ஒரு மைக்கில் என் குரல் என் குரலாகவே வந்தது. இன்னொன்றை உதட்டுக்குக் கிட்டே வைத்துப் பாடியபோது வேறு ஆள் பாடுவதுபோல் இருந்தது. அடியில் சதை போட்ட குரல், அண்ணன் குரல் மாதிரி. இன்னொரு தடவை பாடினேன். கடைக்காரர், "சென்னாகிதே சார்," என்று கன்னடத்தில் மெச்சித் தலையாட்டினார்.

பிறகு போனை மைக்குக்கு முன்னால் பிடித்து அண்ணன் அனுப்பியதைப் போட்டேன். கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போனுக்குப் பாட வராது சார், ஆளக் கூட்டினு வாங்க," என்றார் தமிழில். இரண்டு மைக்கிலும் அண்ணன் தெளிவாகத்தான் கேட்டார். போன் ஸ்பீக்கரில் அடிக்குரல் வரவே வராது என்பது எனக்குத் தெரியும். எத்தனையோ வீடியோவில் பார்த்திருக்கிறேன். தெரிந்தும், 'ரெண்டும் ஒண்ணுதான் போலிருக்கு' என்று எனக்கே சொல்லிக்கொண்டு, என் குரலுக்குச் சதை போட்ட மைக்கை வாங்கி வந்தேன்.

அறையில் சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தபோது வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அண்ணன் மைக்கைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். "குழந்த மாதிரி பாத்துக்கணும்," என்றார்.

குந்தாரப்பள்ளி கல்யாண மண்டபத்தில் பெரிய பெரிய பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகள். அண்ணன் எப்போதும்போல மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் ஒரே முழக்கம். ஒரு வார்த்தை பிரியவில்லை. சவுண்ட் சர்வீஸ்காரர் எதையெதையோ திருகினார், பாட்டு ஒடுங்கியதே தவிர தெளியவில்லை. முன்வரிசையில் ஒருத்தர், "அவரு தெலுங்குல பாடறாரா கன்னடத்துலயா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். மாப்பிள்ளையின் மாமா மேடை ஓரம் வந்து, "அந்தத் தம்பியே பாடட்டும்," என்று என்னைக் காட்டினார்.

பாடினேன். கைதட்டல் வந்தது. இதற்கு முன்னால் எனக்கு அப்படி வந்ததில்லை. அண்ணன் மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளிலிருந்து அறையில் வெந்நீர், மிளகு, அதிமதுரம். பேச்சைக் குறைத்துவிட்டார். கம்பெனி லைனில் எண்ணெய்ப் புகை மேலே வந்தால் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டார். "தொண்டைல என்னமோ ஆயிருச்சுடா. வார்த்த வெளிய வர மாட்டேங்குது," என்றார். கீபோர்டு வாசிப்பவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாகலூர் பண்டிகைக்கு எல்லாப் பாட்டையும் நீயே எடுத்துக்க. அண்ணனுக்கு வயசாகுது," என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். "பாக்கலாம்ணா," என்று மட்டும் சொன்னேன்.

வார விடுமுறையன்று அண்ணன் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போகக் கிளம்பினார். டாக்டர் எழுதுவதைப் படித்துச் சொல்ல நானும் வர வேண்டுமாம். டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். "கட்டி கிட்டின்னு ஏதாச்சும் சொன்னா ஊர்ல சொல்லிறாத," என்றார் மெதுவாக. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

"அண்ணா, தொண்ட இல்ல. மைக்கு. கிட்ட வச்சா அது அடிக்குரல ஊதிப் பெருசாக்கும். உங்களுக்கு ஏற்கெனவே அடிக்குரல். போன்ல போட்டுப் பாத்ததுதான் தப்பு, போன்ல அது கேக்காது."

என் பக்கம் திரும்பினார். "அப்போ என் தொண்ட நல்லாத்தான் இருக்குதா?"

"நல்லா இருக்குதுண்ணா."

"மெய்யாலுமா?"

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அதற்குள் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். "பீஸ் கட்டினது கட்டியாச்சு, காட்டிட்டே வரேன்," என்று உள்ளே போனார். டாக்டர் வாயைத் திறந்து 'ஆ' சொல்லச் சொல்லியிருப்பார் போல. கதவு சாத்தியிருந்தும் அந்த 'ஆ' கூடம் முழுக்கக் கேட்டது. காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாவின் மடியில் தூங்கிய குழந்தை எழுந்து அழுதது.

சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "ஒண்ணும் இல்லையாம். கத்தாதீங்கன்னாரு." என் முதுகில் தட்டினார். "மூஞ்சிய ஏண்டா அப்படி வச்சிருக்க? தெரியாமத்தான பண்ண?"

அதோடு விட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் என் இடத்தில் மெஷினில் நின்ற மனிதர் அவர்.

"தெரியாம இல்லண்ணா. போன்ல கேக்காதுன்னு தெரியும். அந்த மைக்குல என் குரல் நல்லா இருந்துச்சு. அதான் எடுத்தேன்."

அவர் கை என் முதுகிலிருந்து இறங்கியது. பஸ் ஸ்டாண்ட் வரை எனக்கு முன்னாலேயே வேகமாக நடந்தார். அறைக்குப் போகும் டவுன் பஸ் வந்தது. ஏறவில்லை.

"பெங்களூர் பஸ்சு எதுன்னு பாரு. நீதான் படிச்சவனாச்சே."

காட்டினேன். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்து சீட்டில் தன் பையை வைத்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்திப்பள்ளியில் பூக்கூடையோடு ஒரு அம்மா ஏறியதும் பையை மடியில் எடுத்துக்கொண்டு அவருக்கு இடம் விட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். வண்டி நெரிசலில் ஊர்ந்தது. கடை மூடுவதற்குள் போக வேண்டுமே என்று நான் மணி பார்த்தேன்.

"டேய்," என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே. "அந்தக் கடைக்காரன் முழுப் பாட்டு பாட விடுவானா, இல்ல ரெண்டு வரிதானா?"

"முழுசாவே பாடலாம்ணா."

தலையாட்டிவிட்டு, வாய்க்குள்ளேயே எதையோ பாடிப் பார்க்க ஆரம்பித்தார்.