கூடுதலாகக் கொடுத்த இழுப்பு

ஊரில் பாதிப் பேர் மெத்தைக்காரர் தைத்த மெத்தையில்தான் தூங்குகிறார்கள். அவர் மல்லாந்து படுத்துத்தான் வருஷக்கணக்காகிறது. படுத்தால் மூச்சு முட்டும்; தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, உட்கார்ந்தபடியே கண் அசருவார். பஞ்சு அடிக்கிற மெஷின் பக்கத்தில் காலமெல்லாம் முகத்தில் துணிகூடக் கட்டாமல் நின்ற மனுஷன். கட்டச் சொன்னால், "மூஞ்சியை மூடிக்க நான் என்ன திருடனா?" என்பார். வாய்க்கொழுப்புக்குக் குறைச்சலே இல்லை. பஞ்சுத் தூசியோடு சிகரெட்டும் சேர்ந்து நெஞ்சைக் கெடுத்துவிட்டது.

இப்போது கடையும் அவரும் மனைவி தலையில். மெத்தை ஓரம் தைத்துக்கொண்டிருப்பவள், வேளை வந்ததும் கடைக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு ஓடி இன்ஹேலர் கொடுப்பாள். மறக்காமல் வாய் கொப்பளிக்க வைப்பாள். அப்படியும் நிமோனியா வந்தது. தேறி வீட்டுக்கு வந்த சூட்டோடு மறுபடியும் காய்ச்சல், மஞ்சள் சளி, அதே வார்டு. "யார் கண்ணு பட்டுச்சோ" என்றார்கள் அக்கம்பக்கத்தில். கண்ணாவது மண்ணாவது! அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "எழுதிக் கொடுத்த அளவுதானே கொடுக்குறீங்க?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வாய் வரவில்லை. மெத்தையில் பள்ளம் விழுந்தால் இன்னும் ரெண்டு பிடி பஞ்சை வைத்து அமுக்குவது அவர்கள் தொழில். அவருக்கு இரைக்கும்போதெல்லாம் அவளும் அதையேதான் செய்திருந்தாள். மத்தியானம் ஒரு இழுப்பு, முகம் வாடினால் இன்னொன்று.

"கூடக் கொஞ்சம் கொடுத்தேம்மா. பாக்கப் பாவமா இருந்துச்சு."

டாக்டரம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "இதுல ஸ்டீராய்டு இருக்கு. ஆஸ்துமாக்காரங்களுக்கு அது அவசியம். இவர மாதிரி நாள்பட்ட நெஞ்சு நோய்க்காரங்கள்ல சிலருக்கு நிமோனியா வர்ற ஆபத்தைக் கூட்டிடும். அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறும்."

"அப்போ என் கையாலதான்..."

"அப்படி நினைக்காதீங்க. சரியான அளவுலயே சிலருக்கு வருது. இவருக்கு அதால பெரிய பலனும் தெரியல. ஸ்டீராய்டு இல்லாத வேற இன்ஹேலர் தரேன். ரொம்ப இரைச்சா மட்டும் இந்த நீல இன்ஹேலர். அடங்கலைன்னா உடனே கூட்டிட்டு வாங்க. பழசைத் தொடாதீங்க."

அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து தன் கைகளைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. ஒரு சாயங்காலம் குளித்துவிட்டு வந்தவருக்கு இரைப்பு கண்டது.

"பழசைக் கொடு."

"அது வேணாம்ங்க. டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

"அலமாரியிலதான் வச்சிருக்கே, தெரியும். ஒரே ஒரு இழுப்பு."

நீல இன்ஹேலரை நீட்டினாள். அவர் கையைத் தட்டிவிட்டார். "என்னை... கொன்னுட்டு... நிம்மதியா... தூங்கலாம்னு பாக்குறியா?"

அட பாவி மனுஷா! கொடுத்தாலும் கொலைகாரி, கொடுக்காவிட்டாலும் கொலைகாரி. அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. கீழே விழுந்ததை எடுத்துத் துடைத்து, அவர் வாயில் வைத்து, "இழுங்க" என்றாள். வேறு வழியில்லாமல் இழுத்தார். முதுகைத் தடவிக்கொண்டே, ஆட்டோவுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று அவர் விலாவையே பார்த்திருந்தாள். மெல்ல மெல்ல இரைப்பு தணிந்தது.

டீ கொண்டுவந்து வைத்தாள். தொடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இனிமே ஜென்மத்துக்கும் உன்கூடப் பேச மாட்டேன், போ!"

நடுவில் எங்கும் நிற்காமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பேசாவிட்டால் போகிறது என்று அவள் கட்டிலுக்குக் கீழே வெறுந்தரையில் படுத்துக் கண்ணை மூடினாள்.