சூசைமேரி டீச்சரின் வரலாற்று வகுப்பு

சூசைமேரி அந்தமானில் மாயாபந்தருக்கு வந்தது 1965இல், கல்யாணமான சில மாதங்களில். கணவர் கஸ்பார் அரசாங்கப் படகு ஒன்றில் இன்ஜின் டிரைவர். இருவருக்கும் மணப்பாடுதான் சொந்த ஊர். ஊரிலேயே ஆசிரியப் பயிற்சி முடித்திருந்ததால், தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று மாயாபந்தரில் நடந்துகொண்டிருந்த சின்னப் பள்ளியில் அவளுக்கு உடனே வேலை கிடைத்தது. பெரிய வகுப்புகளுக்கு வரலாறு எடுக்க ஆள் இல்லை என்றார்கள். அவளுக்குப் பிடித்த பாடமும் அதுதான்.

பாடப் புத்தகங்கள் மெட்ராஸிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் வந்து, அங்கே குடோனில் கிடந்து, சின்னக் கப்பல் எப்போது புறப்படுகிறதோ அப்போது மாயாபந்தர் ஜெட்டிக்கு வரவேண்டும். அந்த வருஷம் வந்து சேர்ந்தபோது பாதிப் படிப்பு முடிந்திருந்தது. பெட்டியின் அடியில்தான் வரலாற்றுப் புத்தகக் கட்டு இருந்தது. கடல் தண்ணீரைக் குடித்து, உலர்ந்து, செங்கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் அடுப்புக்கு மேலே பரண் கட்டிக் காயவைத்தாள். பக்கத்தைப் பிரித்தால் எழுத்து எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு போனது.

தலைமையாசிரியர் குழந்தைவேலு நல்ல மனிதர்தான். ஆனால் அந்தத் தீவில் பல வருஷம் இருந்துவிட்டவர்.

“அடுத்த கப்பல்ல வேற கட்டு அனுப்பச் சொல்லி எழுதலாமா சார்?” என்று கேட்டாள்.

“எழுதலாம்மா. அடுத்த வருஷம் வரும். அதுவும் நனைஞ்சு வரும். இங்க எல்லாம் இப்படித்தான், சல்தா ஹை, ஏதோ ஓடும்.”

அவள் நினைவிலிருந்தே பாடம் நடத்தத் தொடங்கினாள். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் இந்தியாவை வரைந்து, காவிரி இங்கே ஓடுகிறது என்றாள். “நம்ம கிரீக்குத் தண்ணி மாதிரியா டீச்சர்? முதலை இருக்குமா?” என்று கேட்டார்கள். கோட்டை என்றால் என்ன என்று கேட்டார்கள். ரயிலைக்கூடப் பார்க்காத பிள்ளைகள். பாதிப் பேர் தீவிலேயே பிறந்தவர்கள். ஒரு படம் இருந்தால் போதும், ஒரு வரைபடம் இருந்தால் போதும் என்று தவித்தாள். ஊரிலிருந்து தம்பி அனுப்பிய காலண்டரில் தஞ்சாவூர்க் கோபுரம் இருந்தது. அதை வெட்டிச் சுவரில் ஒட்டினாள். அந்த மழைக்காலத்திலேயே பூசணம் பிடித்துக் கோபுரம் கறுத்துப்போனது.

மெட்ராஸ் ரேடியோவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடம் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். மாயாபந்தரில் பெரிய ரேடியோப் பெட்டி மரக் கான்ட்ராக்டர் ஜம்புலிங்கத்தின் வீட்டில்தான் இருந்தது. போய்க் கேட்டாள்.

“தாராளமா வாங்க டீச்சரம்மா. பேட்டரி இருக்கிறவரை சலேகா, ஓடும்” என்றார் அவர். அவர் மனைவி விசாலாட்சி கூடத்தில் பாய் விரித்து, பிள்ளைகளுக்குப் பொரியும் போட்டாள்.

முதல் நாள் பெண் குரல் ஒன்று தெளிவாக வந்தது. அசோகர் கலிங்கத்துப் போர்க்களத்தைச் சுற்றி நடக்கிறார். பிள்ளைகள் பொரியை மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். சூசைமேரிக்குக் கண் நிறைந்தது. இத்தனை கடலைத் தாண்டி ஒரு பாடம் வந்து சேர்ந்துவிட்டதே என்று. அடுத்த வாரம் இரைச்சலுக்கு நடுவில் இரண்டு வார்த்தை கேட்டது. அதற்கடுத்த வாரம் மழை, இரைச்சல் மட்டும்தான். இருந்தாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஜம்புலிங்கத்துக்குக் கான்ட்ராக்ட் முடிந்தது. ரேடியோவைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கப்பலேறினார்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மெயின்லாண்டிலிருந்து வரலாறு வரவில்லை என்றால், இங்கேயே இருப்பதைச் சொல்லிக்கொடுத்தால் என்ன? யுத்த காலத்தில் ஜப்பான்காரன் இந்தத் தீவுகளைப் பிடித்து ஆண்டானே, அதைக் கண்ணால் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களே.

ஜெட்டியைக் காவல் காக்கும் சௌகிதார் அந்தோணிமுத்து அப்படிப்பட்டவர். தங்கச்சிமடத்துக்காரர். யுத்தத்துக்கு முன்பே அண்ணனோடு போர்ட் பிளேருக்குக் கூலி வேலைக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சூசைமேரி அவரிடம் கேட்டாள்.

“அண்ணாச்சி, நம்ம பிள்ளைகளுக்கு அந்த ஜப்பான் காலத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும்.”

“எதுக்கு டீச்சர்?”

“தெரிஞ்சிக்கிடட்டும்னுதான்.”

“தெரிஞ்சு க்யா கரேகா, என்ன பண்ணப் போவுதுக? பரிச்சையில கேப்பானா?”

கேட்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாராவாரம் கேட்டாள். கஸ்பார்கூடத் திட்டினார். “அந்த மனுசனை ஏன் போட்டு அறுக்குறே? வேண்டாம்னா விட்டுரு.” அவள் விடவில்லை. கடைசியில் அந்தோணிமுத்து சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, பள்ளிக்கு வந்தார்.

நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை. வகுப்பு முழுவதையும் ஒருமுறை பார்த்தார்.

“காலையில எல்லாரும் சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். சாப்பிட்டோம் என்றார்கள்.

“அப்ப நாங்க சாப்பிடல. அரிசி கிடையாது. கிழங்கு கிடையாது. கடைசியில, ஆளில்லாத தீவுல பயிர் வைக்கப் போறோம், வாங்கன்னு சொல்லி எங்க அண்ணனை போட்ல ஏத்துனாங்க. நிறைய பேரை ஏத்துனாங்க. எனக்குக் காய்ச்சல். என்னை விட்டுட்டாங்க. போட்டு நடுக்கடல்ல…”

அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்தபடி நின்றார். முகம் கோணிப்போய், சின்னப் பிள்ளை விக்குவது மாதிரி ஒரு சத்தம் அவரிடமிருந்து எழுந்தது. பின்பெஞ்சில் ஒருவன் பயத்தில் சிரித்துவிட்டான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். அந்தோணிமுத்து தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு வெளியே நடந்தார். சூசைமேரி பின்னாலேயே ஓடினாள். பள்ளி வாசலில் அவர் திரும்பாமலே சொன்னார்.

“இருபது வருசமா இதை யாருகிட்டயும் சொன்னதில்ல டீச்சர். என் பொண்டாட்டிகிட்டகூட.”

வகுப்புக்குத் திரும்பியபோது பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். முன்வரிசையில் இந்திராணி என்றொரு பெண். அவள் மட்டும் எழுந்து, “நடுக்கடல்ல என்ன ஆச்சு டீச்சர்?” என்று கேட்டாள்.

படகிலிருந்து குதிக்கச் சொன்னார்கள் என்று சூசைமேரி கேள்விப்பட்டிருந்தாள். எத்தனை பேர், எந்த இடம், யார் பிழைத்துக் கரையேறினார்கள், எதுவும் நிச்சயமாகத் தெரியாது. பார்த்துச் சொல்ல ஒரு புத்தகம் இல்லை. தெரிந்த ஒரே மனிதரை அழவைத்து அனுப்பியாகிவிட்டது. “உட்காரும்மா” என்றாள்.

அந்தோணிமுத்து அதன் பிறகு பூசைக்கு வேறு நேரத்தில் வந்தார். எதிரில் பார்த்தால் வழிமாறிப் போனார். கொஞ்ச நாளில் போர்ட் பிளேர்ப் பக்கம் பெரார்கஞ்சில் இருந்த மகள் வீட்டுக்கே குடிபோய்விட்டார். அவள் மன்னிப்புக் கேட்க நினைத்து ஜெட்டிக்குப் போன அன்று, அவருடைய காவல் கூண்டில் புது சௌகிதார் பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

அந்த வருஷப் பரீட்சையில் சோழர்களின் ஊராட்சி பற்றியும், ஷாஜகானின் கட்டடங்கள் பற்றியும் கேட்டிருந்தார்கள். வரலாற்றில் பெரும்பாலான பிள்ளைகள் தேறவில்லை. இந்திராணியும் தேறவில்லை, அவள் அப்பா அவளைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட்டார். சூசைமேரி வீட்டுக்கே போய்ப் பேசிப் பார்த்தாள். “ராஜா கதை படிச்சு எந்த ஆபீசுல வேலை தர்றான் டீச்சர்?” என்று அவர் மரியாதையாகவே கேட்டார்.

தேறுகிறவர்கள் குறைய, பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை இந்திப் பள்ளிக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷத்தில் தமிழ்ப் பள்ளியை மூடினார்கள். சூசைமேரியை இந்திப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பில் போட்டார்கள். இந்தி எழுத்துகளை முதல் நாள் இரவு தானே எழுதிப் பழகி, மறுநாள் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டினாள். அவள் உச்சரிப்பைக் கேட்டு, அங்கே குடியேறியிருந்த வங்காளிப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரிக்கப் பழகிக்கொண்டாள்.

1973இல் கஸ்பாருக்கு போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்தது. அங்கே ஜங்லிகாட்டில் ஒரு தகர வீடு கிடைத்தது. அடுத்த ஆண்டு போர்ட் பிளேரிலேயே ஒரு பள்ளியில் தமிழில் வரலாறு நடத்த ஆசிரியர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. கஸ்பார்தான் கேட்டுவந்து சொன்னார்.

“உனக்குன்னே வந்த மாதிரி இருக்கு. மனு போட்டுத்தான் பாரேன்.”

அவள் கருவாட்டை அலசிக்கொண்டிருந்தாள்.

“எதை வச்சு நடத்துறது?” என்றாள்.

“பெரிய ஊரு. புஸ்தகம்லாம் வருமே.”

“வரும் வரும்” என்று சொல்லிவிட்டு, அவள் சட்டியில் தண்ணீரை மாற்றினாள்.

கடைசித் தேதி போய்விட்டது. கஸ்பார் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஓய்வு பெறும்வரை அவள் ஒன்றாம் வகுப்புக்குத்தான் டீச்சராக இருந்தாள்.