ஏழாவது தலை

கல்லூரியில் விளையாட்டு வாத்தியாராக இருப்பவனுக்கு கோல் கணக்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தலை எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். பி.டி. வேலை பார்த்த சகபாவிகளே, உங்களுக்குப் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கால்பந்தில் ஒரு அணிக்குப் பதினோரு பேர். ஆள் குறைந்தாலும் ஆடலாம். ஏழுக்குக் கீழே போனால் மட்டும் ஆட்டம் கிடையாது, எதிரணி பந்தைத் தொடாமலே ஜெயித்துவிடும். அதற்கு வாக்ஓவர் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே இன்றைக்கும் தலை எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

தொண்ணூற்றொன்பதில் பெரம்பலூர் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக பி.டி.யாகச் சேர்ந்தேன். அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். சேர்ந்த அன்றே பிரின்சிபால் கூப்பிட்டுச் சொன்னார்: "போன வருஷம் ரெண்டு வாக்ஓவர், மானம் போச்சு. இந்த வருஷம் நாலு மேட்ச். வாக்ஓவர் ஆகக் கூடாது, ஒண்ணாவது ஜெயிக்கணும். அப்பத்தான் அடுத்த வருஷம் உங்களுக்கு வேலை ஆர்டர்."

காற்று இறங்கிய பந்து

முதல் மேட்ச் எங்கள் மைதானத்தில். மூன்றரை மணிக்கு ஆட்டம். வகுப்பு முடிந்து சாப்பிட வீட்டுக்குப் போன பையன்கள் திரும்பவில்லை. எண்ணினேன், ஆறு. மறுபடி எண்ணினேன், என்னவோ எண்ணினால் கூடும் என்பது போல. ஆறுதான். ரெஃப்ரி பதினைந்து நிமிஷம்தான் பொறுப்பார். ரிட்டையர்டு போலீஸ்காரர், மீசையைப் பார்த்தாலே பொய் சொல்லத் தோன்றாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பம்ப் ஊசியை எச்சில் தொட்டு பந்தில் சொருகி, முதுகைத் திருப்பிக்கொண்டு காற்றை இறக்கிவிட்டேன். அப்புறம் "அடடா, காத்தே இல்லையே!" என்று உட்கார்ந்து மெதுவாக அடிக்க ஆரம்பித்தேன். கால்வாசி அடித்தபோது டவுன் பஸ்ஸிலிருந்து மூன்று பேர் குதித்து ஓடிவந்தார்கள். போன உயிர் திரும்பி வந்தது. ஆட்டம் கோலே இல்லாமல் டிராவில் முடிந்தது. போகும்போது ரெஃப்ரி என் பக்கம் குனிந்து கேட்டார்: "ஏன் சார், பந்துல காத்து கொறைஞ்சிருந்துச்சா, இல்ல ஆளு கொறைஞ்சிருந்துச்சா?"

மாலை போட்ட கோல்கீப்பர்

இரண்டாவது மேட்ச் அரியலூரில். நாலு பேருக்கு டெஸ்ட், மூன்று பேருக்குக் காய்ச்சல். கூட்டிப் போனது சரியாக ஏழு. ஏழாவது தலை கோல்கீப்பர் முருகேசன். செட்டிகுளம் முருகனுக்கு ஆடிக் கிருத்திகைக் காவடி என்று மாலை போட்டிருந்தான். விரதம் முடிகிறவரை காலில் எதுவும் போட மாட்டானாம். ஷூ இல்லாமல் இறக்க முடியாது என்று ரெஃப்ரி ஒற்றைக்காலில் நின்றார்.

"டேய் முருகேசா, தோல் இல்லடா, ரெக்சின்தான்" என்று கெஞ்சினேன். என் வேலை, என் கல்யாணம் எல்லாவற்றையும் சொல்லிக் கெஞ்சினேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவன் ஷூவுக்கு முன்னால் கண்ணை மூடி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு மாட்டினான். ஐந்து கோல் வாங்கினான். பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னான்: "நான் அப்பவே சொன்னேன்ல சார், ஷூ போட்டா முருகன் பாத்துக்க மாட்டாருன்னு."

வெங்காயத்துக்கு இடைவேளை

மூன்றாவது மேட்ச்சில் இடைவேளை வரை நாங்கள் ஒரு கோல் முன்னால். எண்ணினேன், ஒன்பது தலை. வாழ்க்கையில் முதல்முறையாக உட்கார்ந்து டீ குடித்தேன். பாதி டீயில் ஒரு மொபெட் மைதானத்துக்குள்ளேயே வந்தது. ஃபார்வர்டு ஆடிய குமாரின் அப்பா. புடுங்கின சின்ன வெங்காயம் காட்டில் கிடக்கிறது, மேற்கே கருக்கிறது, குமாரையும் அவன் சித்தப்பா மகன்கள் இருவரையும் அனுப்புங்கள் என்றார். மூன்று போனால் ஆறு!

காலில் விழாத குறை. கடைசியில் மனசு இறங்கி, சின்னவனை மட்டும் விட்டுவிட்டுப் போனார். ஏழு பேரை வைத்து ஆடி ஒரு கோல் வாங்கி டிரா. அவர் வண்டியைத் திருப்பும்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பந்து நாளைக்கும் உருளும் சார், வெங்காயம் நனைஞ்சா நாளைக்கு அழுகிரும்."

பதினோரு தலை

கடைசி மேட்ச் எங்கள் மைதானத்தில். ஜெயித்தே ஆகவேண்டும். அன்றைக்கு அதிசயம், எங்களுக்குப் பதினோரு தலை! எதிரணி கங்கைகொண்ட சோழபுரம் தாண்டி எங்கிருந்தோ வர வேண்டும். வந்தது ஐந்து பேர்தான். அவர்களுடைய பி.டி. சின்ன வயசுக்காரர், சட்டையெல்லாம் வேர்வை. "சார், மூணு பேரு அடுத்த பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கானுங்க, கொஞ்சம் பொறுங்க சார்" என்றவர், பையன்களை விரலால் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

பன்னிரண்டு நிமிஷம் ஆகிவிட்டது. இன்னும் மூன்று நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றால் எனக்கு வெற்றி, எனக்கு ஆர்டர். ஆனால் அவர் மூன்றாம் முறையும் எண்ணினார், என்னை மாதிரியே. பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. பதினோரு பேர் இருக்கிறோமே, எப்படியும் ஜெயிக்கலாம் என்ற திமிரும் கொஞ்சம் உண்டு. பம்ப் ஊசியை எச்சில் தொட்டேன். கேப்டன் செல்வராசு, "சார், நமக்கு எதுக்கு சார் இந்த வேலை?" என்று பல்லைக் கடித்தான். முதல் மேட்ச்சுக்கு வந்த அதே ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "அவசரமில்ல, நல்லா அடிங்க சார். பந்துல காத்து இன்னும் பத்தல."

ஆர்டர்

மூன்று பேரும் வந்தார்கள். எட்டுப் பேர் எங்கள் பதினோரு பேரை ரெண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். அந்த பி.டி. என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்தேன், காரணம் வேறு.

மறுநாள் பிரின்சிபால் அறையில் நின்றேன். வாக்ஓவர் ஒன்றுகூட இல்லை சார் என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "பந்துக்குக் காத்தடிச்சு அவங்களையே ஜெயிக்க வச்சீங்களாமே, நெசமா?"

அடுத்த வருஷத்துக்கு ஆர்டர் வரவில்லை. இப்போது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருக்கிறேன். பூட்ஸைத் தோளில் தொங்கவிட்ட பையன் எவனாவது பஸ்ஸில் ஏறினால், ரெண்டு நிமிஷம் முன்னாடியே விசிலடித்து அனுப்பிவிடுகிறேன்.